தோழிக்கு ஒரு பெயர்

புதிய தொடர்கதையில் துப்பறியும் நாயகிக்கு ஒரு தோழி தேவைப்பட்டாள். பெயர்தான் அமையவில்லை. சோபாவில் காலை நீட்டிக்கொண்டு அக்கா யோசனை சொல்ல, தங்கை கணினியில் தட்டிக்கொண்டிருந்தாள். அலமாரி நிறைய அக்காவின் பெயர் போட்ட நாவல்கள்.

“தோழிக்குப் பெரிய பேரா வைக்காதே. நாயகியை அமுக்கிடும்.”

“சரிக்கா.”

“கூப்பிட்டா ஓடி வர்ற பேரா இருக்கணும். படிச்சு முடிச்சதும் மறந்துடணும்.”

தங்கை ஒரு பெயரைத் தட்டினாள். அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

“அடியே, இது உன் பேரு!”

“நீ சொன்னதுக்கெல்லாம் பொருந்துதேக்கா.”

“விளையாடாதே. பத்திரிகைக்காரங்க என்ன நினைப்பாங்க?”

“ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. இத்தனை நாவலையும் எழுதினது நான்னு அவங்களுக்குத் தெரியாதே! முதல் கதையை அனுப்பக் கூச்சப்பட்டு உன் பேரைப் போட்டேன். அதுவே நிலைச்சுப்போச்சு. அட்டையில நீ இரு. உள்ளே ஒரு ஓரமா நானும் இருந்துட்டுப் போறேனே.”

அக்கா காலை மடக்கி உட்கார்ந்தாள். அலமாரியிலிருந்த நாவல்களைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

“ஆசிரியர் சாரா? தொடர் விளம்பரத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைங்க. எழுதறவங்க பேரை மாத்தணும்.”