ரெண்டு நூல் இறக்குங்க

"ரெண்டு நூல் மட்டும் இறக்குங்க அண்ணே. அதுக்கு மேல வேண்டாம்."

மறுபடியும் அதே ஆள், அதே ஜீப், அதே சனிக்கிழமை. பட்டறைக்காரருக்கு எரிச்சல் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவரை எல்லோரும் ஜாக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டியையும் தூக்கி நிறுத்திவிடுவார் என்பதால் வந்த பெயர். வண்டியைப் பார்த்தே ஆளை எடைபோட்டுவிடுவேன் என்று அவருக்கு ஒரு பெருமையும் உண்டு.

இந்த ஆளைத்தான் எடைபோட முடியவில்லை.

முதல் நாள் வந்து, உயரமான ஜீப்பைத் தாழ்த்த வேண்டும் என்றார். ஜாக்கி மூன்று வகைச் சாமான்களை மேஜையில் பரப்பிக் காட்டினார். குட்டை ஸ்பிரிங் மாட்டினால் ஒரே நாளில் வண்டி தாழ்ந்துவிடும். "ஒரே நாள்லயா? வேண்டாம்" என்றார். காற்றுப் பை மாட்டினால் பட்டனை அழுத்தி ஏற்றலாம், இறக்கலாம், கூடவே 'புஸ்' என்று சத்தம் வரும். சத்தம் என்றதும் அதையும் தள்ளிவிட்டார். கடைசியில் வளையம் வைத்த ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுத்தார். வளையத்தைத் திருகத் திருக, வண்டி கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், இறங்கும்.

மாட்டிய பிறகாவது ஒரேயடியாக இறக்கினாரா? அதுவும் இல்லை. வாராவாரம் வந்து ரெண்டு நூல். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நூல். ரெண்டு நூல் இறக்கினால் வண்டிக்கே தெரியாது.

"மொத்தமா இறக்கிட்டா உங்களுக்கும் அலைச்சல் இல்ல சார், எனக்கும் வேலை மிச்சம்" என்றார் ஜாக்கி.

அந்த ஆள் யாராவது கேட்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தார். "வீட்டுல அவளுக்குத் தெரியக்கூடாது அண்ணே."

ஜாக்கிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அல்லது, புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். மாமனார் வாங்கிக் கொடுத்த வண்டியாக இருக்கும். பெண்டாட்டிக்குத் தெரியாமல் தாழ்த்தி, பந்தயக் கார் மாதிரி ஓட்ட ஆசை. மீசை நரைத்த வயதில் இப்படி ஒரு விளையாட்டுப் புத்தி. அடுத்த வாரம் வரட்டும், முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

அதற்குள் ஒரு நாள் மதியம் பட்டறை வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. ஒரு பெண்மணி கைத்தடியை ஊன்றி மெல்ல இறங்கினார். அந்த ஜீப்பின் எண்ணைச் சொல்லி, அதை ஓட்டி வருகிறவரின் மனைவி நான் என்றார்.

மாட்டிக்கொண்டான்யா மனுஷன் என்று ஜாக்கிக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் கேட்பதற்கு முன்பே, ஒன்று விடாமல் கணவரைப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அந்தம்மாவுக்குக் கோபம் வரவில்லை.

"முதல் வாரமே தெரியும்ணே. படுத்தே கிடக்கிறவளுக்கு ஜன்னல் வழியா அந்த வண்டி ஒண்ணுதானே தெரியும். டயருக்கு மேல எவ்வளவு இடைவெளின்னு எனக்கு மனப்பாடம்."

விஷயம் இதுதான். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர். ஆஸ்பத்திரிக்கு மறுபடி போக வேண்டிய நாளில், அந்த ஜீப்பில் ஏறக் கால் எழும்பவில்லை. கணவர் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி உட்காரவைத்தார். தெருவே பார்த்தது. அந்த அவமானத்தில், இனி நடந்தென்ன நடக்காமலென்ன என்று அந்தம்மா படுக்கையிலேயே கிடந்துவிட்டார். டாக்டர் சொன்ன பயிற்சியையும் விட்டுவிட்டார்.

"அதுக்கப்புறம்தான் இவர் இதை ஆரம்பிச்சார். வண்டியைக் கொஞ்சம் இறக்கிட்டு வந்து, 'பார்த்தியா, போன வாரத்தைவிட இன்னைக்கு உன் கால் நல்லா எழும்புது'ன்னு குதிப்பார். பொய்தான். ஆனா அந்த முகத்தைப் பார்த்துட்டு எப்படிண்ணே படுத்துக் கிடக்க முடியும்? இப்ப அவர் வேலைக்குப் போனதும் எழுந்து பயிற்சி செய்யறேன். அவருக்குத் தெரியாது."

தான் போட்ட எடையை நினைத்து ஜாக்கிக்கே வெட்கமாக இருந்தது.

தான் வந்து போனதைக் கணவரிடம் சொல்ல வேண்டாம் என்றார் அந்தம்மா. போகும் முன் தயங்கித் தயங்கி இன்னொரு உதவியும் கேட்டார். ஜாக்கி தலையாட்டினார்.

சனிக்கிழமைகள் வழக்கம்போல வந்தன. கணவர் வருவார், ரெண்டு நூல் என்பார், டீ குடிக்கப் போவார். ஜாக்கி வண்டிக்கு அடியில் படுத்து வளையத்தைத் திருகுவார். வாராவாரம் நல்ல சேதிதான் வந்தது. முன்பு தோளைப் பிடித்து ஏறியவள், அப்புறம் கையைப் பிடித்தாளாம். அப்புறம் ஒரு விரல் போதுமென்றாளாம்.

ஒரு சனிக்கிழமை அவர் கண் கலங்க வந்து நின்றார்.

"நேத்து என் கையைத் தள்ளி விட்டுட்டு தானே ஏறி உக்காந்துட்டா அண்ணே. போதும், இனிமே இறக்க வேண்டாம். இதுக்கு மேல தாழ்ந்தா கண்டுபிடிச்சிடுவா. பாவம், தன் கால்லதான் தெம்பு வந்திருக்குன்னு நம்பிக்கிட்டு இருக்கா."

இப்படியும் ரெண்டு பேர் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்துகிறார்களே என்று ஜாக்கி மலைத்துப் போனார்.

அந்தம்மா கேட்டுக்கொண்டபடி, இவர் இறக்கச் சொன்ன ஒவ்வொரு வாரமும் ஜாக்கி ரெண்டு நூல் ஏற்றித்தான் அனுப்பியிருந்தார். மனுஷன் வண்டியை எங்கே பார்த்தார், பார்த்ததெல்லாம் மனைவியின் கால்களைத்தான். அந்த ஜீப் இப்போது, வாங்கிய அன்று இருந்த அதே உயரத்தில் நின்றுகொண்டிருந்தது.