ஜீவராஜ் போட்ட பூட்டு

"ஜீவா, கம்ப்யூட்டர் பாஸ்வேர்ட் கேக்குது! கடையில ஆளுங்க நிக்கிறாங்க, என்னான்னு சொல்லுங்க!"

நிலக்ஷி போனில் கத்தினாள். கரண்ட் பில் கட்டவும் போட்டோகொப்பி எடுக்கவும் ஆட்கள் வரும் கொமினிகேஷன் கடை ஒன்றை அவள் அப்பா சின்னராசா ஹட்டன் டவுனில் நடத்தினார்; அங்கே வேலை பார்ப்பவன் ஜீவராஜ். கடையின் பாஸ்வேர்ட் அத்தனையையும் ஒரே ஃபைலில் போட்டு, குட்டிக் கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்றை எழுதிப் பூட்டி வைத்திருந்தான். அதற்கான பாஸ்வேர்டை அடித்தால்தான் மற்றதெல்லாம் வெளியே வரும். இன்று அவனுக்கு லீவு. அக்கரப்பத்தனை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தான்.

"கேக்குதா ஜீவா? அப்புறம், நம்ம விஷயம் என்னாச்சு? இன்னும் எத்தன நாளைக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு பேசுறது?"

ஒரே கரகரப்பு. நடுவில் அவன் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"அப்பாகிட்ட கேளு!"

அவ்வளவுதான், சிக்னல் போய்விட்டது.

நிலக்ஷிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாஸ்வேர்டையா அப்பாவிடம் கேட்பது? அவருக்குக் கம்ப்யூட்டரை அணைக்கக்கூடத் தெரியாதே! அப்படியென்றால் கல்யாணத்தைத்தான் சொல்கிறான். 'பார்ப்போம், பார்ப்போம்' என்று நழுவிக்கொண்டே இருந்தவனுக்குத் தைரியம் வந்துவிட்டது! அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அப்பா மாட்டேன் என்றால் எல்லாம் போச்சு. இருந்தாலும் முன்பக்கம் ஓடினாள்.

"அப்பா, ஒன்னு கேக்கணும்."

போட்டோகொப்பி மிஷினிலிருந்து சின்னராசா திரும்பவே இல்லை. "என்னா, பேப்பர் முடிஞ்சிருச்சா?"

"இல்லப்பா. ஜீவராஜ்…"

"அவனுக்கு என்னா?"

"அவருக்கு ஒன்னுமில்ல. எனக்குத்தான்… அவரக் கட்டிக்கணும்."

மிஷின் பாட்டுக்கு ஓடியது. சின்னராசா இப்போது திரும்பினார்.

"அவனா கேக்கச் சொன்னான்?"

"ஆமாப்பா. இப்பதான், பஸ்ஸுல இருந்து."

"பரவாயில்லையே! அந்தப் பய ஜென்மத்துக்கும் வாயத் தெறக்க மாட்டான்னுல்ல நெனச்சேன். நாளைக்கே அவங்க வீட்டுக்குப் போறோம். ஒங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

நிலக்ஷி குதித்த குதியில் மேசையிலிருந்த பேப்பரெல்லாம் பறந்தது. காத்திருந்தவர்கள் கரண்ட் பில்லை மறந்து கை தட்டினார்கள். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஜீவராஜ்தான்.

"சிக்னல் போயிருச்சு நிலக்ஷி. ஃபைல் தெறந்துச்சா? 'அப்பாகிட்ட கேளு'ன்னு இங்கிலீஷ் எழுத்துல, எடம் விடாம சேத்து அடிச்சியா?"

"அடிக்கல ஜீவா… கேட்டுட்டேன்!"