கேமராவைப் பார்த்த சிப்பாய்

செஞ்சிக் கோட்டையில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. போர்க்காட்சி இன்னும் முடியவில்லை. இயக்குநர் ரஞ்சனிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூட்டத்தில் ஒட்டுத்தாடி வைத்த ஒரு வயதான சிப்பாய், ஒவ்வொரு முறையும் கேமராவையே பார்த்து டேக்கைக் கெடுத்துக்கொண்டிருந்தார்.

“கட்!” என்று கத்திவிட்டு அவளே அவரிடம் ஓடினாள். “பெரியவரே, கேமராவப் பாக்காதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது? வெளிச்சம் போவுது, எனக்கு டென்ஷன் ஏறுது!”

“கேமராவ நான் இன்னாத்துக்கும்மா பாக்கப் போறேன்? அதுக்குப் பின்னாடி நிக்கிற எம் பொண்ணத்தான் பாத்தேன்.”

ரஞ்சனி அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். அவள் சினிமாவில் சேர்ந்த நாள் முதல் அவளோடு பேசாத அப்பா, அந்தத் தாடிக்குள் இருந்தார்.

“நைனா...”

“அழுவாத. வெளிச்சம் போவுதுன்னியே, போயி எடு.”

திரும்பி வந்து “ஆக்‌ஷன்” என்றாள். இந்த முறையும் அவர் அவளையேதான் பார்த்தார்.

ரஞ்சனி கட் சொல்லவில்லை.