நாடகத்தின் இரண்டாம் பாதி

மேசைக்கு நடுவில் தாளாளர் பரசுராமன். அவர் வலப்பக்கம் ஒட்டினாற்போல் தலைமையாசிரியை தமிழ்செல்வி. எதிரே, தனியாகப் போட்ட நாற்காலியில் வரலாற்று ஆசிரியை மணிமொழி. வாசலோரம் முக்காலியில், பசை டப்பாவோடு அலுவலக உதவியாளர் இருசப்பன். அறக்கட்டளை உறுப்பினர்களுக்காகப் போட்ட மூன்று நாற்காலிகளும் காலி.

போன வருஷம் அந்த மூவரும் கூட வந்திருந்தார்கள். இந்த அடி அண்ணாமலைக் கிளைப் பள்ளி சொன்ன பேச்சு கேட்பதில்லை என்று பரசுராமன் நேரில் வந்து அதட்ட, ஆசிரியர்கள் எல்லோரும் மன்னிப்பு எழுதிக் கொடுத்தார்கள். அவர் கார் கிரிவலப் பாதையில் திரும்பியதும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது.

இன்று காலை திருவண்ணாமலையில் அறக்கட்டளைக் கூட்டம். நான் இல்லாமல் என்ன கூட்டம், சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் பரசுராமன் இங்கே வந்திருந்தார்.

குற்றம், ஆண்டு விழா நாடகம். இங்கிலாந்து அரசன் ரிச்சர்டு, அடங்காத அயர்லாந்தை அடக்கப் படையோடு போகிறான். அங்குள்ள சிற்றரசர்கள் குல்லாயைக் கழற்றி, இடுப்புக் கத்தியை அவிழ்த்து வைத்து மண்டியிடுகிறார்கள். அரசன் கப்பல் ஏறியதும் முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போகிறார்கள்.

அரசனாக நடித்த பையன், பரசுராமனைப் போலவே கட்டைவிரலால் மீசையை நீவினான். கூட்டம் சிரித்தது. பரசுராமன் தனக்குப் போர்த்திய பொன்னாடையை இடைவேளையில் நாற்காலியிலேயே எறிந்துவிட்டுப் போய்விட்டார்.

"என்னைத்தானே காட்டுன, டீச்சர்?" என்றார் இப்போது.

"அறுநூறு வருஷத்துக்கு முந்தின ராஜா சார் அவரு. மீசை பையனோட சொந்த யோசனை."

"நக்கலு ஜாஸ்தி உனக்கு. சம்பளம் நின்னா தானா கம்மியாவும்."

அந்தச் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கிறது என்பது அவருக்குத் தெரியும். மணிமொழி தலைகுனியவில்லை.

"பாதியில எழுந்து போயிட்டீங்க, மீதிக் கதையையாவது கேளுங்க சார். சித்தப்பா செத்ததும், பங்காளிக்குச் சேர வேண்டியதைத் தானே எடுத்துக்கிட்டு, ராஜா ரெண்டாவது தடவை அயர்லாந்துக்குப் போனாரு. அவரு அங்க இருக்கறப்பவே இங்கிலாந்துல அந்தப் பங்காளி..."

"போதும்."

பரசுராமன் முகம் கறுத்தது. செத்துப்போன சித்தப்பாவுக்கு அறக்கட்டளையில் இருந்த பங்கை, சித்தப்பா மகன் கலையரசனுக்குக் கொடுக்காமல் பரசுராமன் தானே வைத்துக்கொண்ட சங்கதி ஊருக்கே தெரியும்.

அந்நேரம் திருவண்ணாமலைக் கூட்டத்திலிருந்து தமிழ்செல்விக்குப் போன் வந்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தவர், பழைய இடத்தில் உட்காரவில்லை. காலி நாற்காலி ஒன்றை இழுத்து மணிமொழியின் பக்கத்தில் போட்டுக்கொண்டார். எழுதுவதில் மும்முரமாக இருந்த பரசுராமன் அதைக் கவனிக்கவில்லை.

'வேலைநீக்கம் செய்யப் பரிந்துரைக்கிறேன்' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டார். விசாரணை அறிக்கையைக் கையில் கொண்டுபோனால் கோர்ட்டில் நிற்காது, பதிவுத் தபாலில் தாளாளருக்கு வந்து சேர வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதனால் உறையின் மேல் தன் பெயரையே எழுதினார்: திரு. பரசுராமன், தாளாளர்.

"நாளைக்கு என் கைக்கு வந்துரும். பிரிச்ச கையோட ஆர்டர் போடுவேன். உன் ராஜாவைக் கூட்டிக்கினு வந்தாலும் நிக்காது," என்றார் மணிமொழியிடம்.

இருசப்பன் உறையை ஒட்டி, அரக்கு உருக்கி ஊற்றி முத்திரை வைத்தார். தபாலாபீஸ் போகச் சைக்கிளை எடுக்கப் போனவரைத் தமிழ்செல்வி நிறுத்தி, தன் பேனாவை நீட்டினார்.

"தாளாளர்ங்கறது அப்படியே இருக்கட்டும் இருசப்பண்ணே. பேரை மட்டும் அடிச்சுட்டு, கலையரசன்னு எழுதிப் போட்டுடுங்க."