இறக்கும் நேரம்

திருவண்ணாமலைக்கு வெளியே, வறண்ட ஏரிக்கு மேல் ஆள் நீளத்தில் செய்த மாதிரி விமானம் இரைந்தபடி சுற்றிக்கொண்டிருந்தது. ரிமோட்டைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பொண்டாட்டி செத்து முப்பது நாள் ஆவல. உனுக்கு வெளையாட்டு கேக்குதா? எறக்குடா!” தேடி வந்த சித்தப்பா கத்தினார்.

“பெட்ரோல் தீரப்போவுது சித்தப்பா. விழுந்து ஒடஞ்சிடும்.”

“அதான் எறக்குன்றேன்!”

“எனக்கு எறக்கத் தெரியாது.”

“அப்பறம் ஏன்டா ஏத்தின?”

“இந்தச் சத்தத்தக் கேக்கணும்போல இருந்துது.”

விமானம் என் மனைவி மதிவதனி செய்தது. மேலே ஏற்றவும் சுற்றவும் என்னை விடுவாள். இறக்கும்போது மட்டும் ரிமோட்டைத் தன் கைக்கு வாங்கிக்கொள்வாள்.

இன்ஜின் திணறி நின்றது.

பழக்கத்தில், யாருமில்லாத இடப்பக்கம் ரிமோட்டை நீட்டினேன்.