டிலானியின் பெட்டியில் எக்ஸஸ்

"இந்தக் காலத்துச் சனங்களுக்கு வெட்கம்னு ஒன்னு கெடையாது! ஒருத்தி வெளிநாடு போறான்னு காதுல விழுந்தா போதும், ஊரே பார்சலோட வாசல்ல வந்து நிக்குது!"

கறுப்பையா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, குண்டசாலை வீட்டின் நடு அறையில் வாய் பிளந்து கிடந்த பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

மகள் டிலானி அன்று மாலை கட்டாருக்குப் போகிறாள். அங்கே ஹோட்டல் குசினியில் வேலை பார்க்கும் கணவன் யோகராஜ், எவ்வளவோ அலைந்து இப்போதுதான் அவளுக்கு விசா எடுத்திருந்தான். பெட்டி முப்பது கிலோவைத் தாண்டக் கூடாது.

"தாண்டினா எக்ஸஸ். எயார்போட்ல நம்மள உரிச்சிருவானுங்க" என்றார் கறுப்பையா.

அவர் படித்தது மூன்றாம் வகுப்பு. இங்கிலீசில் அவர் முழுசாக நம்பிய சொல் இது ஒன்றுதான். யாரிடம் பிடித்தாரோ, கொஞ்ச நாளாக வீட்டில் எல்லாமே எக்ஸஸ். தேத்தண்ணியில் சீனி எக்ஸஸ். பக்கத்து வீட்டு டீவிச் சத்தம் எக்ஸஸ். மனைவி பாலம்மா ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினாலும் "எக்ஸஸ்!" என்று கையைக் காட்டிவிடுவார்.

ஆள் ஏறி நிற்கிற தராசு ஒன்றை இரவல் வாங்கி வைத்திருந்தார்கள். பெட்டியை அதன் மேல் வைத்தால் நம்பர் மறைந்துபோகிறது. அதனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாராவது ஏறி நிற்க வேண்டும்.

"நான் ஏறுறேன்ப்பா."

"நீ ஆடுவ, ஒன்னைய நம்ப ஏலாது. தள்ளு." மூச்சைப் பிடித்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரே ஏறினார். "நம்பர் என்னா?"

"தொண்ணூத்தொம்பது."

"என் நிறை அம்பத்தெட்டு. கழி."

"நாப்பத்தொன்னு" என்றாள் டிலானி. முகம் வாடிவிட்டது.

"பாத்தியா! பதினோரு கிலோ எக்ஸஸ்!" திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் அவருக்கு. பெட்டியை இறக்கி உள்ளே கைவிட்டார். "இது என்னா?"

"இராஜேஸ்வரியக்கா தந்த முறுக்குப்பா. அவங்க தம்பிக்கு."

"கட்டார்ல மாவு இல்லையாமா? எடு வெளிய." எடுத்ததில் ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். "கறித்தூள் இம்புட்டு எதுக்கு? எடு. இது என்னா, தேங்காய் துருவுற திருவலை? எந்த மடச்சி தந்தா இத?"

"நீங்கதான்ப்பா வாங்கிட்டு வந்தீங்க."

"...அது ஒரு ஓரமா இருக்கட்டும்."

அடுத்து ஒரு பெரிய போத்தல் கையில் வந்தது. கதிரையில் உட்கார்ந்திருந்த வடிவம்மா நிமிர்ந்தாள். யோகராஜின் தாய். மருமகளை வழியனுப்ப ரங்கலைத் தோட்டத்திலிருந்து காலையிலேயே பஸ் ஏறி வந்தவள்.

"அது வெங்காயம் வதக்கிச் செஞ்ச சீனிச் சம்பலுங்க சம்பந்தி. தம்பி போன்ல கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

"எக்ஸஸ்" என்றார் கறுப்பையா.

"அப்பிடின்னா என்னாங்க?"

"வேண்டியதுக்கு மேல உள்ளது. இல்லாட்டியும் யாருக்கும் நட்டமில்லாதது."

வடிவம்மா எழுந்தாள். போத்தலை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

"என் சம்பல் இல்லாட்டி என் மகனுக்கு நட்டமில்ல. சரிங்க. அப்ப நானும் இங்க எக்ஸஸ்தான். வர்றேன் டிலானி."

டிலானி வாசல்வரை ஓடினாள். பாலம்மாவும் அடுப்படியிலிருந்து ஓடி வந்து கையைப் பிடித்துப் பார்த்தாள். வடிவம்மா நிற்காமல் போய்விட்டாள்.

"என்னாப்பா இப்பிடிப் பண்ணிட்டீங்க? அவரு மொத வார்த்தையே 'அம்மா என்னா குடுத்துவிட்டாங்க'ன்னுதான் கேப்பாரு. நான் என்னான்னு சொல்லுவேன்? அங்க போய் சண்டையிலயா குடித்தனத்த ஆரம்பிக்கிறது?"

"கணக்குக்கு மாமியாரு மருமக தெரியாது" என்றபடி கறுப்பையா இன்னும் சில சாமான்களைக் கழித்துவிட்டு மறுபடி ஏறினார். எண்பத்தெட்டு. கழித்தால் சரியாக முப்பது. டிலானி கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைப் பூட்டினாள்.

வெளியே ஹோர்ன் கேட்டது. எயார்போட்டுக்கு ஆள் ஏற்றும் மடவளை ரிஸ்மியின் வேன்.

"எத்தன கிலோ ஐயா?"

"முப்பது. ஒரு கிராம் எக்ஸஸ் இல்ல."

"எதுக்கும் ஒருக்கா பார்ப்பமே." ரிஸ்மி வேனிலிருந்து கொக்கித் தராசை எடுத்து, பெட்டியின் கைபிடியில் மாட்டித் தூக்கினான். "பதினேழு தானே ஈக்குது!"

"ஒன் தராசு பழுது."

"அரிசிப் பக்கெற் ஒன்னு ஈக்குமா?" என்று ரிஸ்மி உள்ளே பார்த்துக் கேட்டான். பாலம்மா கொண்டுவந்து கொடுத்த, பிரிக்காத ஐந்து கிலோ அரிசிப் பக்கெற்றை மாட்டினான். தராசு ஐந்து என்று காட்டியது.

டிலானி மனதுக்குள் ஏதோ கழித்துப் பார்த்தாள். பிறகு தகப்பனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்பா, அந்த அம்பத்தெட்டு எப்ப நிறுத்தது?"

"ஒங்கம்மாவப் பொண்ணு பாக்கப் போன கிழமை, தோட்டத்து டிஸ்பென்சரியில நிறுத்தது! டாக்டரே பாத்துச் சொன்ன நிறை, அது எப்பிடிப் பொய்யாகும்?"

பெட்டியில் இல்லாத பதின்மூன்று கிலோ சாரக்கட்டுக்கு மேலே தள்ளிக்கொண்டு நிற்க, "இந்தக் காலத்துத் தராசு ஒன்னையும் நம்ப ஏலாது" என்று முணுமுணுத்தபடி, பஸ்ஸுக்கு நிற்கும் சம்பந்தியைச் சம்பல் போத்தலோடு திருப்பிக் கூட்டிவர மூச்சு வாங்க மேடேறிப் போனார் கறுப்பையா.