ஒரு சாண் மடி

குழந்தை சரிந்து விழவில்லை.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை குனிந்து பார்த்தான். உட்கார்ந்துதான் இருந்தாள். ஆறு மாதத்துப் பெண். பட்டுப் பாவாடை, நெற்றியை மறைக்கிற மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு. அவன் கட்டைவிரலைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

மடி என்று ஒன்று முளைத்திருந்தது. ஒரு சாண் இருக்கும்.

தங்கை சுகந்தியின் மூத்த பையனுக்கு இதே கோயில் மண்டபத்தில்தான் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமனுக்கு மடி இல்லை. தொப்பை முழங்கால் வரை வந்து நின்றது. பையன் இரண்டு தடவை வழுக்கினான். மூன்றாவது தடவைக்கு யாரும் காத்திருக்கவில்லை. சித்தப்பா மகனை உட்காரவைத்துக் காரியத்தை முடித்துவிட்டார்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

ஆல்பத்தில் அவன் ஓரமாக நிற்கிறான், சீர்த்தட்டைப் பிடித்துக்கொண்டு.

அன்றைக்கு இரண்டு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டான். வேறென்ன செய்வது.

இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்து இன்றோடு ஐந்து வாரம். பதினெட்டு கிலோ போயிருக்கிறது.

ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது கட்டில் கம்பியை விடவே இல்லை. நர்ஸ் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. பயமெல்லாம் ஒன்றும் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான். பச்சைப் பொய். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சுகந்தி கைக்குழந்தையோடு கதவு வரைக்கும் கூடவே நடந்து வந்தாள்.

“போய்ட்டு வாண்ணே. இவளுக்கு மாமன் மடி வேணும்.”

சொல்லிவிட்டு அவள்தான் அழுதாள்.

போய்விட்டு வந்தாயிற்று. மடியும் வந்தாயிற்று.

சோறுதான் இறங்கவில்லை.

நான்கு வாரம் மோரும் பருப்புத் தண்ணீரும். அதன்பிறகு குழைத்த சாதம் தொடலாம் என்றார் டாக்டர். தொட்டான். இரண்டாவது வாயில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. மறுநாளும் அப்படியே. இன்னொரு தடவை வந்தால் குழாய் விட்டுப் பார்க்கணும், தேவைப்பட்டால் மறுபடி திறக்கணும் என்றார்.

மறுபடி அந்தக் கட்டில். மறுபடி அந்தக் கம்பி.

அன்றிலிருந்து சோற்றின் பக்கம் போகவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவும் இல்லை. சோற்றைக் கண்டு பயப்படுகிற ஆளாக அவன் ஆகிவிட்டான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்.

வெள்ளிக் கிண்ணம் வந்தது. பருப்புச் சாதம், நெய் விட்டு மசித்தது. குழந்தைக்கு முதல் சோறு. ஊட்ட வேண்டியவன் தாய்மாமன்.

பூசாரி தலையசைத்தார். அவன் சின்னக் கரண்டியின் நுனியில் எடுத்துக் குழந்தையின் வாயில் வைத்தான்.

துப்பினாள்.

மறுபடி வைத்தான். மறுபடி துப்பினாள். அவன் சட்டையெல்லாம் பருப்பு. சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தேன் தொட்டு வை என்றார் ஒருவர். மூக்கைப் பிடி என்றார் இன்னொருவர்.

சுகந்தி குனிந்தாள்.

“நீ மொதல்ல சாப்பிட்டுக் காட்டுண்ணே. உன் வாயத்தான் பாத்துக்கிட்டிருக்கா.”

உண்மைதான். குழந்தை வேறு எங்கும் பார்க்கவில்லை.

நாற்பது பேர் நின்றார்கள். மடியில் பட்டுப் பாவாடை. வந்தால் நேராக அவள் தலையில்தான் வரும்.

நகக்கண் அளவு எடுத்தான். வாயில் வைத்தான்.

இருபது தடவை மென்று விழுங்கச் சொல்லியிருந்தார்கள். எண்ணிக்கொண்டே மென்றான். குழந்தையின் பல்லில்லாத வாயும் கூடவே அசைந்தது. பதினெட்டு. பத்தொன்பது.

விழுங்கினான்.

நெஞ்சுக்குள் எங்கேயோ போய் நின்றது.

வியர்த்தது. குழந்தையை யாரிடமாவது நீட்டிவிட ஒரு கை தயாரானது. அவன் அசையவில்லை. குழந்தையும் அசையவில்லை.

பிறகு இறங்கியது. அதன் பாட்டுக்கு, ஒரு தொந்தரவும் இல்லாமல்.

அவன் காத்திருந்தான். திரும்பி வரவில்லை.

இன்னொரு நுனி எடுத்து அவள் வாயில் வைத்தான். அவள் கொஞ்சம் யோசித்தாள். விழுங்கினாள்.

மண்டபத்தில் பெண்கள் குலவையிட்டார்கள். குழந்தைக்காகத்தான். அவன் தன் பங்கையும் அதிலேயே எடுத்துக்கொண்டான். அழுகை வந்தது. சந்தோஷ வீட்டில் மாமன் அழுதால் தப்பில்லை என்று விட்டுவிட்டான்.

அவளுக்கு ஒன்று. அவனுக்கு ஒன்று. இரண்டு பேருக்கும் அவசரமில்லை. நெய், பருப்பு, துளி உப்பு. முப்பத்தாறு வருடமாகத் தின்ற அதே சாதம்தான். இவ்வளவு ருசி அதில் இருந்ததை அவன் கவனித்ததே இல்லை.

மூன்றாவது சுற்றில் குழந்தை வாயை மூடிக்கொண்டாள். கரண்டி கிட்டே வந்ததும் முகத்தைத் திருப்பி அவன் சட்டையில் புதைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் அவள் கணக்கு.

சுகந்தி கிண்ணத்தை அவன் பக்கம் நீட்டினாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவள் தட்டில் மிஞ்சுவது எதுவாக இருந்தாலும் அண்ணனுக்கு.

பாதிக் கிண்ணத்துக்கு மேல் இருந்தது. அவன் அதைப் பார்த்தான். வயிற்றைக் கேட்டுப் பார்த்தான்.

“போதும்” என்றான்.

அவள் கை அப்படியே நின்றது. அவனைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு கலவரத்தோடு ஒரு விரலால் தொட்டுத் தன் நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது.